ஓபன்டோஃபு, டாலோஸ், ஃப்ளக்ஸ்: குபெர்னெட்டிஸ் கிளஸ்டரை ஃபைலில் எழுதி எழுப்புவது

பல கணினிகளை (நோடுகளை) ஒன்றாகச் சேர்த்து அவற்றில் கன்டெய்னர் செயலிகளை ஓட்டும் குபெர்னெட்டிஸ் கிளஸ்டரைக் கையால் நிறுவ ஒரு பிற்பகல் போதும். ஆறு மாதம் கழித்து அதையே அச்சு மாறாமல் இன்னொரு முறை எழுப்பச் சொன்னால்தான் சிக்கல். எந்தக் கமாண்டை எந்த வரிசையில் அடித்தோம், எந்த நோடில் எதைத் திருத்தினோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. என்ன நிலை வேண்டும் என்பதை மட்டும் ஃபைலில் எழுதி, அந்த நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பைக் கருவியிடம் விட்டுவிடும் டிக்ளரேட்டிவ் முறை இதற்காகத்தான் வந்தது.

இந்த வழிகாட்டியில் நான்கு கருவிகள். விஎம்களுக்கு (ஒரே பெட்டிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்) ப்ராக்ஸ்மாக்ஸ், அந்த விஎம்களை எழுதி உருவாக்க ஓபன்டோஃபு, நோடுகளின் இயங்குதளமாக டாலோஸ் லினக்ஸ், கிளஸ்டருக்குள் போவதைப் பார்த்துக்கொள்ள ஃப்ளக்ஸ். நான்கும் கட்டற்ற உரிமத்தில் வருபவை: ப்ராக்ஸ்மாக்ஸுக்கு ஏஜிபிஎல் 3, ஓபன்டோஃபுவுக்கும் டாலோஸுக்கும் எம்பிஎல் 2.0, ஃப்ளக்ஸுக்கு அப்பாச்சி 2.0. இதே வேலையைச் செய்யும் டெராஃபார்ம் தெரிந்தவர்களுக்கு ஓபன்டோஃபு புதிதாக இருக்காது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் டெராஃபார்மை எம்பிஎல்லிலிருந்து, போட்டி நிறுவனங்களின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்எல் 1.1 உரிமத்துக்கு மாற்றியபோது பிரிந்து வந்த கிளை அது. இப்போது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இருக்கிறது. முதல் நிலையான வெளியீடான 1.6, 2024 ஜனவரியில் வந்தது. மொழி அதேதான். பழைய ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியே ஓடும்.

எல்லைக்கோட்டை முதலில் போடுங்கள்

டிக்ளரேட்டிவ் கருவிகளில் வரும் தலைவலிகளில் பாதி, ஒரே பொருளுக்கு இரண்டு கருவிகள் சொந்தம் கொண்டாடுவதால் வருகிறது. ஒன்று வைத்ததை இன்னொன்று மாற்றும், முதலாவது மறுபடி பழையபடி வைக்கும். ஆகவே ஒரு விதி: ஓபன்டோஃபுவின் வேலை கிளஸ்டரோடு பேசத் தேவையான முகவரியும் சான்றிதழும் உள்ள கியூப்கான்ஃபிக் ஃபைல் கையில் வந்ததும் முடிகிறது. விஎம், டிஸ்க், மேக் முகவரி, டாலோஸ் மெஷின் கான்ஃபிக் (நோடின் அமைப்பு ஃபைல்), பூட்ஸ்ட்ராப் (கிளஸ்டரை முதல்முறை தொடங்கிவைப்பது) வரை அதன் பொறுப்பு. கிளஸ்டருக்குள் உருவாகும் எதுவும், ஒரே ஒரு நேம்ஸ்பேஸாக (பெயரிட்ட உட்பிரிவாக) இருந்தாலும், ஃப்ளக்ஸின் பொறுப்பு.

கிளஸ்டரை உருவாக்கும் அதே டோஃபு ஃபோல்டரில் ஹெல்ம் ப்ரொவைடரையும் (கிளஸ்டருக்குள் செயலிகளை நிறுவும் செருகுநிரல்) சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே அப்ளையில் (எழுதியதை நிறைவேற்றும் கமாண்ட்) முடிக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். முதல் முறை அது ஓடவும் செய்யும். பிரச்சினை பிறகுதான். ஹெல்ம் ப்ரொவைடருக்கு வேண்டிய முகவரியும் சான்றிதழும் இன்னும் உருவாகாத கிளஸ்டரிலிருந்து வரவேண்டும். கிளஸ்டரைத் திரும்பக் கட்டவேண்டிய நாளில், என்ன மாறும் என்று முன்கூட்டிக் காட்டும் பிளான் கட்டத்திலேயே ப்ரொவைடர் இல்லாத ஏபிஐயைத் தேடிப்போய் நின்றுவிடும். மிக அவசரமான நாளில் மிக மோசமாகக் காலை வாரும் அமைப்பு இது.

எவ்வளவு இயந்திரம் வேண்டும்

32 ஜிபி ரேம், 8 கோர், 500 ஜிபி என்விஎம்இ டிஸ்க் உள்ள ஒற்றைப் பெட்டி போதும். கிளஸ்டரை ஆளும் கண்ட்ரோல் பிளேன் நோடுகள் மூன்று: ஒவ்வொன்றுக்கும் 2 கோர், 4 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க். செயலிகளை ஓட்டும் வொர்க்கர் நோடுகள் இரண்டு: ஒவ்வொன்றுக்கும் 4 கோர், 6 ஜிபி ரேம், 60 ஜிபி டிஸ்க். மொத்தம் 24 ஜிபி ரேம் போக, 8 ஜிபி ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மிஞ்சும். கோர் எண்ணிக்கை பெட்டியில் இருப்பதைத் தாண்டினாலும் பரவாயில்லை. ரேமில் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். டாலோஸ் கண்ட்ரோல் பிளேனுக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவு 2 ஜிபி. ஓடும், ஆனால் இறுக்கமாக ஓடும்.

கண்ட்ரோல் பிளேனில் இரண்டு நோடு மட்டும் வைப்பது ஒன்று வைப்பதைவிட மோசம். கண்ட்ரோல் பிளேன் நோடுகளில் ஓடி, கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் டேட்டாபேஸான எட்சிடிக்குப் பெரும்பான்மை வேண்டும். இரண்டில் பெரும்பான்மை இரண்டு, ஆகவே எது விழுந்தாலும் கிளஸ்டர் நிற்கும். மூன்றில் ஒன்று விழலாம், ஐந்தில் இரண்டு விழலாம். ஒரே பெட்டிக்குள் மூன்று விஎம் வைத்தால் அந்தப் பெட்டியின் மின்சாரம் போவதிலிருந்து எந்தப் பாதுகாப்பும் கிடையாது. நோடுகளை ஒவ்வொன்றாக அப்கிரேட் செய்யும்போது கிளஸ்டர் நிற்காது என்பதுதான் அதில் கிடைக்கும் லாபம்.

சுழலும் ஹார்ட் டிஸ்கில் எட்சிடியை வைக்காதீர்கள். ஒவ்வொரு எழுத்தையும் டிஸ்கில் பதித்து உறுதி செய்த பிறகே அது அடுத்த வேலைக்குப் போகும். அந்தப் பதிவுக்கான நேரம் 99 சதவீதத் தடவை 10 மில்லிசெகண்டுக்குள் இருக்கவேண்டும். தாமதமானால் லீடர் அடிக்கடி மாறும், ஏபிஐ சர்வர் திக்கும், பாட்கள் (செயலிகள் ஓடும் கன்டெய்னர் தொகுப்புகள்) காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆவதுபோலத் தெரியும். எட்சிடி லாகில் கோரிக்கை நேரம் எடுத்தது என்ற எச்சரிக்கை வரிசையாக வந்தால், நெட்வொர்க்கைக் குடையும் முன் டிஸ்கைப் பாருங்கள்.

ஐபி கணக்கு

கிளஸ்டர் எழும் முன்பே காகிதத்தில் முடிக்கவேண்டியது இது. உதாரணத்துக்கு 192.168.10.0/24 நெட்வொர்க் என்று வைத்துக்கொள்வோம். கண்ட்ரோல் பிளேன் .11, .12, .13. வொர்க்கர் .21, .22. ஏபிஐக்கான விர்ச்சுவல் ஐபி (கண்ட்ரோல் பிளேன் நோடுகளில் ஏதாவது ஒன்று ஏந்தும் பொது முகவரி) .10. ரவுட்டர் தானாக வழங்கும் டிஎச்சிபி வரம்பு .100 முதல் .199 வரை. சர்வீஸ்களுக்கு (செயலிகளை அணுகும் வாசல்கள்) மெட்டல்எல்பி என்ற கருவி கொடுக்கப்போகும் ஐபிகள் .200 முதல் .219 வரை. இந்த வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், சில நாள் நன்றாக ஓடி, யாரோ ஒருவர் போனை வைஃபையில் சேர்த்த நேரத்தில் ஒரு சர்வீஸ் மட்டும் காணாமல் போகும்.

டாலோஸில் பாட்களுக்கான இயல்பான வரம்பு 10.244.0.0/16, சர்வீஸ்களுக்கு 10.96.0.0/12. உங்கள் அலுவலக நெட்வொர்க்கோ விபிஎன்னோ இந்த எண்களில் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் மாற்றுவதைவிட புதிதாகக் கட்டுவது எளிது.

விஎம்களின் மேக் முகவரியை ஓபன்டோஃபு ஃபைலில் நீங்களே எழுதுங்கள். 02:00:00:00:00:11 போல 02 என்று தொடங்கினால் உள்ளூர்ப் பயன்பாட்டுக்கானது, எந்த நெட்வொர்க் கார்டு நிறுவனத்தோடும் மோதாது. ரவுட்டரில் ஒவ்வொரு மேக்குக்கும் ஐபியை ஒதுக்கிவிட்டால், நோடு முதலில் எழும்போதும் இன்ஸ்டால் ஆன பிறகும் ஒரே முகவரியில் இருக்கும். நோடு எந்த ஐபியில் எழுந்தது என்று தேடும் வேலை மிச்சம்.

ஓபன்டோஃபு ஃபோல்டர்

முதலில் ஸ்டேட்டை, அதாவது ஓபன்டோஃபு தான் உருவாக்கியவற்றைக் குறித்துவைக்கும் ஃபைலை, என்கிரிப்ட் செய்து பூட்டுங்கள். டாலோஸ் ப்ரொவைடர் உருவாக்கும் கிளஸ்டர் ரகசியங்கள் அனைத்தும், ரூட் சான்றிதழின் தனிச்சாவி உட்பட, ஸ்டேட் ஃபைலில்தான் உட்காரும். அந்த ஃபைல் யார் கையில் இருக்கிறதோ கிளஸ்டர் அவர் கையில். ஓபன்டோஃபு 1.7 முதல் ஸ்டேட்டை என்கிரிப்ட் செய்யும் வசதி உள்ளேயே இருக்கிறது. பிபிகேடிஎஃப்2 சாவி, ஏஇஎஸ் ஜிசிஎம் முறை, குறைந்தது 16 எழுத்துள்ள பாஸ்ஃப்ரேஸ். ஸ்டேட்டுக்கும் பிளானுக்கும் இரண்டுக்குமே போடுங்கள், பிளான் ஃபைலிலும் ரகசியம் இருக்கும். ஏற்கெனவே என்கிரிப்ட் ஆகாத ஸ்டேட் இருந்தால், ஃபால்பேக் பிளாக்கில் அன்என்கிரிப்டட் முறையைக் குறிப்பிட்டு ஒருமுறை அப்ளை ஓட்டிவிட்டுப் பிறகு எடுத்துவிடுங்கள். கிட் ரிப்போவில் (ஃபைல்களின் மாற்றங்களைப் பதிப்புவாரியாகச் சேமிக்கும் களஞ்சியம்) போகவேண்டியது, ப்ரொவைடர்களின் பதிப்பைப் பூட்டிவைக்கும் லாக் ஃபைலும் டோஃபு ஃபைல்களும். ஸ்டேட் போகவே கூடாது.

ப்ராக்ஸ்மாக்ஸில் தனி யூசர் ஒன்றையும் ஏபிஐ டோக்கன் ஒன்றையும் உருவாக்குங்கள். டோக்கன் திரையில் பிரிவிலேஜ் செபரேஷன் என்ற பெட்டி டிக் ஆகியிருந்தால், யூசருக்கு உரிமை கொடுத்தாலும் டோக்கனுக்கு வராது. டோக்கனுக்கும் தனியாகக் கொடுக்கவேண்டும். 403 பிழை வந்து நிற்பவர்களில் பலருக்கும் காரணம் இதுதான்.

அடுத்து டாலோஸ் இமேஜ். டாலோஸ் இமேஜ் ஃபாக்டரி தளத்தில் பதிப்பையும் கூடுதல் எக்ஸ்டென்ஷன்களையும் தேர்ந்தெடுத்தால் ஒரு ஸ்கீமாட்டிக் அடையாளம் கிடைக்கும். பின்னால் லாங்ஹார்ன் ஸ்டோரேஜ் வைக்கும் எண்ணம் இருந்தால் ஐஸ்கஸி டூல்ஸ், யுடில் லினக்ஸ் டூல்ஸ் இரண்டையும் இப்போதே சேருங்கள். ஃபாக்டரி பக்கம் ஐஎஸ்ஓவின் முகவரியையும் இன்ஸ்டாலர் இமேஜின் முகவரியையும் தரும். இரண்டாவதை மெஷின் கான்ஃபிகின் இன்ஸ்டால் பகுதியில் எழுதவேண்டும். விட்டுவிட்டால் ஐஎஸ்ஓவிலிருந்து எழும்போது இருந்த எக்ஸ்டென்ஷன்கள் டிஸ்கில் இன்ஸ்டால் ஆனதும் காணாமல் போகும்.

விஎம் அமைப்பில் கவனிக்க வேண்டியவை:

– சிபியு வகையை ஹோஸ்ட் என்று வையுங்கள். பழைய கேவிஎம்64 வகையில் டாலோஸ் எழாது, அதற்கு எக்ஸ்86-64-வி2 தேவை.
– பூட் வரிசையில் டிஸ்க் முதலில், ஐஎஸ்ஓ அடுத்து. டிஸ்க் காலியாக இருக்கும்போது ஐஎஸ்ஓவிலிருந்து எழும், இன்ஸ்டால் ஆனபின் டிஸ்கிலிருந்து எழும். வரிசையை மாற்றிப்போட்டால், டாலோஸ் ஏற்கெனவே டிஸ்கில் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும்.
– மெமரி பலூனிங்கை அணையுங்கள்.
– டிஸ்க் ஸ்கஸியில் இருந்தால் அதன் பெயர் எஸ்டிஏ, விர்ட்ஐஓ பிளாக்கில் இருந்தால் விடிஏ. மெஷின் கான்ஃபிகில் எழுதும் இன்ஸ்டால் டிஸ்க் இதோடு ஒத்துப்போக வேண்டும்.
– கெஸ்ட் ஏஜென்ட் எக்ஸ்டென்ஷன் போடாமல் ப்ரொவைடரில் ஏஜென்டை ஆன் செய்யாதீர்கள். வராத பதிலுக்காக அப்ளை பல நிமிடம் தொங்கும். ஐபி நிலையாக இருக்கும்போது ஏஜென்ட் தேவையும் இல்லை.

நோடுகளை எழுதும்போது கவுன்ட்டைப் பயன்படுத்தாதீர்கள், ஃபார் ஈச் போடுங்கள். கவுன்ட்டில் நோடுகள் 0, 1, 2 என்று வரிசை எண்ணால் அடையாளம் பெறும். நடுவில் இருக்கும் ஒன்றை நீக்கினால் அடுத்தவை எல்லாம் ஒரு இடம் நகரும், டோஃபுவுக்கு அவை வேறு நோடுகளாகத் தெரியும், அழித்துக் கட்டப் பார்க்கும். ஃபார் ஈச்சில் ஒவ்வொரு நோடுக்கும் அதன் பெயரே சாவி. ஒன்றை எடுத்தால் அது மட்டும் போகும். கண்ட்ரோல் பிளேன் விஎம்களிலும், டாலோஸ் ரகசியங்களை உருவாக்கும் ரிசோர்ஸிலும் ப்ரிவென்ட் டெஸ்ட்ராய் என்பதை ட்ரூ ஆக்குங்கள். ரகசியங்கள் தப்பித்தவறி மீண்டும் உருவானால், பழைய சான்றிதழோடு ஓடும் நோடுகளோடு பேச வழியே இருக்காது.

டாலோஸ் பகுதி வரிசையாக இப்படிப் போகும். மெஷின் சீக்ரெட்ஸ், அதிலிருந்து கண்ட்ரோல் பிளேனுக்கு ஒன்று வொர்க்கருக்கு ஒன்று என மெஷின் கான்ஃபிகரேஷன், ஒவ்வொரு நோடுக்கும் ஹோஸ்ட்நேம் பேட்சோடு கான்ஃபிகரேஷன் அப்ளை, முதல் கண்ட்ரோல் பிளேன் நோடில் மட்டும் பூட்ஸ்ட்ராப், கடைசியில் கியூப்கான்ஃபிக். கிளஸ்டர் எண்ட்பாயிண்ட் 192.168.10.10, போர்ட் 6443. டாலோஸ் பதிப்பு, குபெர்னெட்டிஸ் பதிப்பு இரண்டையும் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் ப்ரொவைடர் தனக்குத் தெரிந்த புதியதை எடுத்துக்கொள்ளும். ப்ரொவைடரை அப்டேட் செய்த அன்று பிளானில் எதிர்பாராத மாற்றம் தெரியும், பழைய டாலோஸ் புரியாத கான்ஃபிகைப் பெற்று மறுக்கும்.

விர்ச்சுவல் ஐபி எட்சிடியை நம்பி இயங்குவது. பூட்ஸ்ட்ராப் ஆகும்வரை .10 பிறக்கவே பிறக்காது. ஆகவே டாலோஸ் ப்ரொவைடருக்கும் டாலோஸின் கமாண்ட் கருவியான டாலோஸ்சிடிஎல்லுக்கும் எண்ட்பாயிண்டாக நோடுகளின் நேரடி ஐபிகளைக் கொடுங்கள். குபெர்னெட்டிஸ் ஏபிஐக்கு மட்டும் .10. இதை மாற்றிக் கொடுத்தால், எட்சிடி விழுந்த நாளில் அதைச் சரிசெய்யும் கருவியும் சேர்ந்து விழும்.

டோஃபு இனிட், டோஃபு பிளான், பிளானை ஃபைலாகச் சேமித்து டோஃபு அப்ளை. எஸ்எஸ்எச் எதுவும் தேவைப்படாது, டாலோஸில் எஸ்எஸ்எச்சே கிடையாது, ஷெல்லும் கிடையாது. போர்ட் 50000இல் இருக்கும் ஏபிஐ வழியாகத்தான் எல்லாம்.

நின்றுபோனால் எங்கே பார்ப்பது

எட்சிடி கிளஸ்டரில் சேரக் காத்திருக்கிறது என்ற செய்தி நோடின் திரையில் ஓடினால் பதற வேண்டாம், பூட்ஸ்ட்ராப் இன்னும் நடக்கவில்லை என்று பொருள். பொறுமை இழந்து இரண்டாவது நோடிலும் பூட்ஸ்ட்ராப் ஓட்டிவிடாதீர்கள். இரண்டு தனித்தனி எட்சிடிகள் உருவாகும், அவை ஒருபோதும் சேராது. அந்த நோடை ரீசெட் செய்வதுதான் வழி.

நேர ஒத்திசைவுக்காக நோடு நிற்கிறதென்றால் ஃபயர்வால் யுடிபி 123ஐத் தடுக்கிறது. நேரம் சரியாகாமல் சான்றிதழ்களைச் சரிபார்க்க முடியாது என்பதால் டாலோஸ் அதற்குமேல் நகராது. உள்ளூர் நேர சர்வரின் முகவரியை மெஷின் கான்ஃபிகில் கொடுங்கள். தெரியாத அத்தாரிட்டி கையெழுத்திட்ட சான்றிதழ் என்று பிழை வந்தால், உங்கள் கையில் இருக்கும் டாலோஸ்கான்ஃபிக் (டாலோஸ்சிடிஎல்லுக்கான சான்றிதழ் ஃபைல்) வேறொரு முறை கட்டிய கிளஸ்டருடையது.

கிளஸ்டர் ஹெல்த் என்று ஒரு டேட்டா சோர்ஸ் ப்ரொவைடரில் உண்டு. வசதியாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு பிளானிலும் அது ஓடும். ஒரு நோடு விழுந்திருக்கும்போது, அதைச் சரிசெய்ய நீங்கள் போடும் பிளானையே அது தடுத்துவிடும். அதை விட்டுவிட்டு, டாலோஸ்சிடிஎல் ஹெல்த் கமாண்டைக் கையால் ஓட்டுவதே மேல்.

டாலோஸோடு வரும் ஃபிளானல் நெட்வொர்க் தொடங்கப் போதும். அது தன்னளவில் நெட்வொர்க் பாலிசிகளை (எந்தப் பாட் எதனோடு பேசலாம் என்ற விதிகள்) அமல்படுத்தாது. பாலிசி ஃபைலை ஏபிஐ ஏற்றுக்கொள்ளும், எதையும் தடுக்காது. பாலிசி தேவைப்பட்டால், அதை அமல்படுத்தும் சிலியத்தை முதல் நாளே முடிவுசெய்யுங்கள். எல்லைக்கோட்டுக்கு இங்கே மட்டும் ஒரு விலக்கு: நெட்வொர்க் இல்லாமல் ஃப்ளக்ஸின் பாட்களே எழ முடியாது. ஆகவே சிலியத்தின் யாமலை (குபெர்னெட்டிஸ் படிக்கும் அமைப்பு ஃபைல்) ஹெல்ம் டெம்ப்ளேட்டால் எடுத்து, கண்ட்ரோல் பிளேன் கான்ஃபிகின் இன்லைன் மேனிஃபெஸ்டில் வைக்கவேண்டும். சிலியத்துக்கு ஏபிஐ முகவரியாக லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 7445 கொடுங்கள். ஒவ்வொரு நோடிலும் ஓடி, கோரிக்கைகளை ஏபிஐ சர்வருக்கு அனுப்பும் கியூப்பிரிசம் அது.

உள்ளே ஃப்ளக்ஸ்

ஃப்ளக்ஸ் பூட்ஸ்ட்ராப் கமாண்டை ஒருமுறை ஓட்டினால் அது தன்னையே கிட் ரிப்போவில் எழுதிவைத்துக்கொள்ளும். பிறகு ரிப்போவில் இருப்பதுதான் கிளஸ்டரில் இருக்கும். ரிப்போவை மூன்று கஸ்டமைசேஷன்களாக (ஃப்ளக்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவும் அடுக்குகள்) பிரியுங்கள்: கன்ட்ரோலர்கள், அவற்றின் அமைப்புகள், செயலிகள். மெட்டல்எல்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஹெல்ம் ரிலீஸ் முதல் அடுக்கில், .200 முதல் .219 வரையான ஐபி பூல் இரண்டாம் அடுக்கில். ஒரே அடுக்கில் வைத்தால் ஐபி பூல் என்ற வகையே கிளஸ்டருக்கு இன்னும் தெரியாத நிலையில் அதை உருவாக்கப்போய், அந்த அடுக்கு முழுவதும் நிற்கும். இரண்டாவது அடுக்கில் டிபெண்ட்ஸ் ஆன் எழுதினால் மட்டும் போதாது. முதல் அடுக்கில் வெயிட் என்பதை ட்ரூ ஆக்கவேண்டும். இல்லையென்றால் யாமல் போய்ச் சேர்ந்ததையே முடிந்ததாக எடுத்துக்கொள்ளும்.

பாட்கள் உருவாகவே இல்லை, பிழையும் கண்ணில் படவில்லை என்றால் ஈவென்ட்களைப் பாருங்கள். டாலோஸ் இயல்பாகவே பேஸ்லைன் பாட் செக்யூரிட்டியை அமல்படுத்துகிறது. மெட்டல்எல்பி, லாங்ஹார்ன் போன்றவை நோடின் நெட்வொர்க்கையும் டிஸ்கையும் தொடவேண்டியவை என்பதால் அவற்றின் நேம்ஸ்பேஸுக்கு பிரிவிலேஜ்ட் லேபிள் போடவேண்டும்.

ரகசியங்களை எஸ்ஓபிஎஸ், ஏஜ் என்ற இரண்டு என்கிரிப்ஷன் கருவிகளைக் கொண்டு என்கிரிப்ட் செய்து ரிப்போவில் வைக்கலாம். ஏஜ் சாவியை ஃப்ளக்ஸ் நேம்ஸ்பேஸில் சீக்ரெட்டாக வைக்கும்போது அதற்குள் இருக்கும் ஃபைல் பெயர் ஏஜ்கீ என்ற நீட்சியோடு முடியவேண்டும். இல்லாவிட்டால் ஃப்ளக்ஸ் அதைச் சாவியாகக் கண்டுகொள்ளாது.

ப்ரூன் ட்ரூ என்று இருந்தால் ரிப்போவிலிருந்து எடுத்த ஃபைல் கிளஸ்டரிலிருந்தும் அழியும். இதுதான் வேண்டியது, ஆனால் டேட்டாபேஸ் வால்யூமின் யாமலை வேறு ஃபோல்டருக்கு அவசரமாக நகர்த்தும் நாளில் இதுவே வினையாகும். அப்படிப்பட்டவற்றுக்கு ப்ரூனை டிசேபிள் செய்யும் அனோட்டேஷன் போட்டுவையுங்கள். கோளாறு தேடும்போது குபெர்னெட்டிஸின் கமாண்ட் கருவியான கியூப்சிடிஎல்லால் கையால் எதையாவது மாற்றவேண்டியிருந்தால் முதலில் ஃப்ளக்ஸ் சஸ்பெண்ட். இல்லாவிட்டால் நீங்கள் மாற்றியது அடுத்த சுற்றில் பழையபடி ஆகும், பேய் நடமாடுவதாகத் தோன்றும்.

அப்கிரேடும் மீட்பும்

மெஷின் கான்ஃபிகில் இன்ஸ்டாலர் பதிப்பை மாற்றி அப்ளை செய்தால் டாலோஸ் அப்கிரேட் ஆகாது. அது அடுத்த இன்ஸ்டாலுக்கான குறிப்பு மட்டுமே. டாலோஸ்சிடிஎல் அப்கிரேட் கமாண்டை ஒவ்வொரு நோடாக, முந்தையது நலமாக எழுந்ததைப் பார்த்த பிறகு ஓட்டவேண்டும். பதிப்புகளைத் தாண்டிக் குதிக்காமல் மைனர் மைனராகப் போங்கள். குபெர்னெட்டிஸுக்கு டாலோஸ்சிடிஎல்லில் தனி அப்கிரேட் கமாண்ட் உண்டு. ட்ரை ரன்னில் ஒருமுறை பார்த்துவிட்டு ஓட்டுங்கள். முடிந்த கையோடு டோஃபு ஃபைலிலும் பதிப்பு எண்களை மாற்றி, பிளானில் நோடுகளின் கான்ஃபிகைப் பின்னோக்கி இழுக்கும் மாற்றம் எதுவும் இல்லை என்று பார்க்கவேண்டும். மறந்தால் அடுத்த அப்ளை பழைய பதிப்பையே திருப்பி வைக்கும்.

பிளானில் கண்ட்ரோல் பிளேன் விஎம் எதையாவது மாற்றிக் கட்டவேண்டும் என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். டோஃபு இயல்பாக ஒரே நேரத்தில் பத்து வேலைகள் வரை செய்யும். மூன்று எட்சிடி உறுப்பினர்களையும் ஒருசேர அழித்துவிட்டுப் பிறகு கட்டும். அதற்கு எட்சிடியும் தெரியாது, பெரும்பான்மையும் தெரியாது. ஒரு நோடை எடுப்பதென்றால் வரிசை இது: ட்ரெயின் (நோடில் ஓடும் பாட்களை வெளியேற்றுவது), டாலோஸ்சிடிஎல் ரீசெட், கியூப்சிடிஎல்லில் நோடை நீக்குவது, அதன் பிறகே டோஃபு ஃபைலில் பெயரை எடுப்பது. கண்ட்ரோல் பிளேனாக இருந்தால் கடைசிப் படிக்கு முன் ப்ரிவென்ட் டெஸ்ட்ராயைத் தற்காலிகமாக எடுக்கவேண்டும். ரீசெட் செய்யும்போது நோடு தானாக எட்சிடியிலிருந்து விலகும். ரீசெட் இல்லாமல் அழித்தால் செத்த உறுப்பினர் பட்டியலில் தங்கி, பெரும்பான்மைக் கணக்கில் தொடர்ந்து இடம்பிடிக்கும்.

டாலோஸ்கான்ஃபிக், கியூப்கான்ஃபிக் இரண்டிலும் உள்ள கிளையன்ட் சான்றிதழ்களுக்கு ஆயுள் ஓராண்டு. நோடுகளுக்குள் இருப்பவை தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும், உங்கள் கையில் இருப்பவை புதுப்பிக்காது. காலண்டரில் பதினோராவது மாதத்தில் குறித்துவையுங்கள்.

எட்சிடி ஸ்நாப்ஷாட்டை டாலோஸ்சிடிஎல் ஒரே கமாண்டில் எடுத்துத் தரும். மீட்கும்போது நோடுகளைக் காலியாக எழுப்பி, பூட்ஸ்ட்ராப் கமாண்டுக்கு அந்த ஸ்நாப்ஷாட்டைக் கொடுக்கவேண்டும். டோஃபுவின் பூட்ஸ்ட்ராப் ரிசோர்ஸ் அங்கே குறுக்கே வரும், அது காலி எட்சிடியையே தொடங்கும். அந்த ஒரு தடவை மட்டும் டார்கெட் போட்டுக் கான்ஃபிகரேஷன் அப்ளை வரை ஓட்டிவிட்டு, பூட்ஸ்ட்ராப்பைக் கையால் செய்யுங்கள். பாட்களின் வால்யூம்களில் உள்ள டேட்டா இந்த ஸ்நாப்ஷாட்டில் கிடையாது, அதற்குத் தனி பேக்கப் வேண்டும். ஸ்நாப்ஷாட், ஸ்டேட் ஃபைலின் நகல், ஸ்டேட்டின் பாஸ்ஃப்ரேஸ், ஏஜ் சாவி ஆகிய நான்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் பெட்டிக்கு வெளியே இருக்கவேண்டும். பாஸ்ஃப்ரேஸையும் ஏஜ் சாவியையும் கிளஸ்டருக்குள் ஓடும் பாஸ்வேர்ட் மேனேஜரில் மட்டும் வைத்திருந்தால், கிளஸ்டர் விழுந்ததும் அவற்றை எடுக்க வழியில்லை.